வேர் நுனி

“எதை வச்சு அடைச்சாலும் ஒழுகுது மேடம்.”

கிறிஸ்துதாஸ் தட்டை மேசைமேல் வைத்தார். முப்பது பற்கள், நெடுக்காக இரண்டாய் அறுத்தவை. எல்லாவற்றுக்குள்ளும் நீலம்.

மெஹருன்னிசா ஒன்றை எடுத்துப் பார்த்தார். அவர் பல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், வயது முப்பத்தாறு. மாணவர் கிறிஸ்துதாஸுக்கு நாற்பத்தெட்டு. இருபது வருஷம் மார்த்தாண்டத்தில் பல் அடைத்துவிட்டு மேற்படிப்புக்கு வந்த மனிதர். அதனால் இங்கே குருதான் சிஷ்யரை ‘சார்’ என்பார்.

கிறிஸ்துதாஸ் பிடுங்கிய பற்களில் குழி எடுத்து, மூன்று விதமான பொருளால் அடைத்து, ஒரு நாள் நீலச் சாயத்தில் ஊறப்போட்டிருந்தார். அடைப்பு இறுக்கமாக இருந்தால் சாயம் உள்ளே போகாது.

போயிருந்தது. முப்பதிலும்.

“எது நல்லா அடைக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். எதுவுமே அடைக்காதுன்னு வருது. அப்போ இத்தனை வருஷமா ஊர்க்காரங்க வாயில நான் என்னத்த வச்சேன்?”

“என்ன செய்யப் போறீங்க?”

“ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, எடுத்துட்டுப் புதுசா வைக்கப் போறேன். முதல்ல விமலாபாய் டீச்சர். இன்னைக்கு நாலரைக்கு கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கேன்.”

“புதுசா எதை வைப்பீங்க?”

கிறிஸ்துதாஸ் தட்டையே பார்த்தார்.

“அதுதான் தெரியல.”

“எடுக்கும்போது பல்லும் கொஞ்சம் போகுமே சார்.”

“போகும். அவங்களுக்கு அந்தப் பல்லுல ஏற்கெனவே பாதிதான் இருக்கு.”

மனிதர் பயந்துபோயிருந்தார்.

மெஹருன்னிசா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பல்லை எடுத்தார். “முந்தாநாள் உங்க சாய டப்பாவுலயே நானும் ஒரு பல்லைப் போட்டேன். நீங்க பூசின மாதிரியேதான் நெயில் பாலிஷ் பூசினேன். அறுத்துப் பாருங்க.”

அறுத்தார். உள்ளே நீலம்.

“இதுவும் ஒழுகுது மேடம்.”

“இதை எந்தப் பொருளால அடைச்சிருக்கு?”

லென்ஸை எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

“அடைப்பே இல்லையே. குழியே எடுக்கலையே.”

“ஆமா.”

“அப்போ எது ஒழுகுச்சு?”

அவர் பல்லை மேசைமேல் வைத்தார்.

மெஹருன்னிசா சிவப்பு நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்தார். சாயத்தில் போடுமுன் அடைப்பின் ஓரத்தை மட்டும் விட்டுவிட்டுப் பல் முழுக்கப் பூசவேண்டும். அப்போதுதான் சாயத்துக்கு அந்த ஒரே வழி. கிறிஸ்துதாஸும் அப்படித்தான் பூசினார், தூக்கக் கலக்கம் இல்லாமல், நிதானமாக, முப்பதையும்.

மெஹருன்னிசா இடுக்கியால் ஒரு முழுப் பல்லை வேர் நுனியில் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பூசினார். காயும்வரை பிடித்திருந்தார். பிறகு மேசைமேல் வைத்து இடுக்கியை எடுத்தார்.

கிறிஸ்துதாஸ் குனிந்து பார்த்தார். பல் முழுக்கச் சிவப்பு. இடுக்கி பிடித்திருந்த இடத்தில் மட்டும் இல்லை. அங்கேதான் நரம்பு பல்லுக்குள் போகிற துளை.

அவர் தன் தட்டை இழுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தார். நீலம் வேரிலிருந்து மேலே ஏறி அடைப்பின் அடியில் நின்றிருந்தது. அடைப்பின் ஓரங்கள் வெள்ளையாக இருந்தன. நேற்று அறுத்தபோதும் அவை வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

மணி மூன்றே கால். அவசரமாகப் போனை எடுத்தார்.

“டீச்சர், உங்க பல்லுல வலி இருக்கா?”

“நேத்தே சொன்னேனே, ஒண்ணுமில்லைன்னு. நீங்கதான ஒழுகுதுன்னு சொன்னீங்க. நான் பஸ் ஏறிட்டேன் டாக்டர்.”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“வந்துக்கிட்டு இருக்காங்க மேடம். வந்தா நான் என்ன செய்யட்டும்?”

“அந்த லென்ஸை எடுத்துட்டுப் போங்க சார். முதல்ல அடைப்போட ஓரத்தைப் பாருங்க.”