உராய்வு இழப்பு

குரு காவி கட்டுவதற்கு முன் வீடுகளுக்கு ஏ.சி. டக்ட், அதாவது காற்றுக் குழாய், போட்டுக்கொண்டிருந்தவர். மற்ற சீடர்கள் அவரிடம் மோட்சத்துக்கு வழி கேட்டார்கள். கிருபாகரன் காற்றுக்கு வழி கேட்டான். ஆள் கொஞ்சம் ஒரு மாதிரிதான். தியானத்தில் உட்கார்ந்தாலும் மூச்சுக்குக் கணக்குப் போடுகிறவன்.

"சாமி, என் பொண்ணு ரூமுக்குக் காத்தே பத்த மாட்டேங்குதுங்க. இளைப்புக்காரி. தூசு ஆகாதுன்னு ஜன்னலும் திறக்க முடியறதில்லை. நேத்து உதடெல்லாம் நீலம் பாரிச்சுருச்சுங்க."

குரு கணக்கைக் கேட்டார். கிருபாகரன் ஒரு தாளை நீட்டினான். மெஷின் தள்ளும் காற்று நூறு பங்கு. எல்லா அறைகளிலும் அளந்து கூட்டினால் எண்பது. மீதி இருபதுக்கு நேராக 'உராய்வு இழப்பு' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்.

"டக்ட் ரொம்ப நீளம், வளைவும் ஜாஸ்திங்க. உராய்வு தின்னுருதுங்க."

"ஒவ்வொரு வளைவும் காத்தோட பலத்தைத் தின்னும். காத்தைத் தின்னாது. உள்ளே போனது எங்கேயாவது வெளியே வந்துதான் ஆகணும். அந்த இருபதை யாரு வாங்குறா?"

கிருபாகரன் தாளை மடித்தான். குரு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கிருபாகரன் வீட்டு மாடியில் கடைசி அறை. அவன் மகள் யாழிசை தலையணையில் சாய்ந்து, தோள்கள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். குரு தன் துண்டிலிருந்து ஒரு நூலைப் பிரித்து, காற்று வரும் கம்பித்தட்டின் முன் பிடித்தார். நூல் லேசாக ஆடியது.

"மெஷினை நிறுத்து."

நிறுத்தினான். வீடு அடங்கியது. நூல் தொங்கியிருக்க வேண்டும். தொங்கவில்லை. மெல்ல எழுந்து அறைக்குள் நீண்டது, தாழ்ந்தது, மறுபடி நீண்டது. மரிக்கொழுந்து வாசம் வந்தது. அதற்குள்ளே மருந்து வாசமும் இருந்தது.

சிறுமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மெஷின் நின்னா எங்கம்மா மூச்சு விடுவாங்க சாமி."

அவள் அம்மா இறந்து வருஷம் திரும்பிவிட்டது. குரு நூலைத் துண்டில் முடிந்தார். அவர் கூடத்துக்கு வந்து, டக்ட் போகும் வழியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். நடுவழியில் ஒரு கிளை பிரிந்து சுவருக்குள் போனது. அதன் கீழே ஒரு பீரோ நின்றது.

"இதுக்குப் பின்னாடி என்ன?"

"சுவருங்க."

"சுவரு காத்து வாங்குமா?"

கிருபாகரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தலைமாட்டுல மரிக்கொழுந்தோட என் சம்சாரம் படுத்திருந்த ரூமுங்க. கடைசி நாள் பூரா காத்து வரலை, காத்து வரலைன்னே சொல்லிட்டிருந்தா. போனதுக்கப்புறம் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சுட்டேன். காத்தை மட்டும் அடைக்க மனசு வரலைங்க சாமி."

கிளையின் கழுத்தில் காற்றை நிறுத்தும் டேம்பர் பிடி இருந்தது. குரு அதைக் காட்டினார்.

"இதைத் திருகினா இருபதும் உன் பொண்ணுக்கு."

அவன் ஸ்டூல் மேல் ஏறிப் பிடியில் கை வைத்தான். திருகவில்லை.

"அவளுக்கு மூச்சு முட்டுமேங்க."

பைத்தியக்காரப் பேச்சுதான். ஆனால் அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

குரு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"சரி, கையை எடு. உள்ளே ஆள் இருக்கிறப்ப மூடக்கூடாது. அவ போன பிறகு மூடலாம். பீரோவைத் தள்ளு."

தள்ளினான். கதவு திறந்தது. ஒரு வெறும் கட்டில், பக்கத்தில் மடித்த போர்வை, மூடிய ஜன்னல். குரு போய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார்.

மெஷின் ஓடவில்லை. வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. திரைச்சீலை மட்டும் எழுந்து வெளிப்பக்கமாகப் பறந்தது. மரிக்கொழுந்து வாசம் கட்டிலிலிருந்து கிளம்பி அறையைக் கடந்தது.

வாசலில் யாழிசை வந்து நின்றாள்.

"அப்பா, அம்மா போறாங்களா?"

கிருபாகரன் ஓடிப்போய் ஜன்னலை மறைத்து நின்றான். திரைச்சீலை அவன் முகத்தில் சுற்றிக்கொண்டு துடித்தது. அவன் கைகளை அகல விரித்து இரண்டு கதவுகளையும் பிடித்தான்.

குரு அவன் தோளைத் தொட்டார்.

"கடைசி வளைவு நீதான். நகரு."