சிங்கிளா, டபுளா?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால், நெடுஞ்சாலையோரம் கடை போட்டிருப்பவர்களில் பாதிப் பேர் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு டயர் கடை மட்டும் திறந்தே இருக்கும். அந்தக் கடையில் ஓர் ஆசான் இருந்தாள்.

ஆமாம், ஆசான்தான், ஆனால் பெண். பெயர் ரோஸ்லெட், வயது முப்பத்தாறு. அந்தப் பக்கத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்களை, உடம்பைத் தொட்டே நோவைச் சொல்கிறவர்களை, ஆசான் என்பார்கள். இவள் டயரைப் பெருவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு, வண்டி எப்படி ஓடியது, ஓட்டினவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவாள். லாரிக்காரர்கள் விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவளிடம் பாடம் கேட்க வந்த சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் தாணுலிங்கம். மின்வாரியத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு மின்சார பைக் ஒன்று வாங்கினார். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று தினமும் ஒரு டைரியில் குறித்து வைத்தார். முப்பது வருஷப் பழக்கம், விடுமா?

பாடம் கேட்க வருகிறோம் என்பது பாவம் அவருக்கே தெரியாது. பின் டயர் மாற்ற வருகிறோம் என்றுதான் நினைத்தார்.

"ஆசானே, பின் டயர் மொட்டை ஆயிட்டு. புதுசு ஒண்ணு வேணும்."

"என்ன மாதிரி வேணும் அண்ணாச்சி?"

"வழுக்காத மாதிரி."

ரோஸ்லெட் உள்ளே போய் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாத்தினாள்.

"இது கட்டி ரப்பர். சார்ஜ் நிறைய நிக்கும். ரெண்டு வருஷம் ஓடும். ஆனா மழையில ரோட்டப் பிடிக்காது. இது மெத்துன்னு இருக்கும், நல்லாப் பிடிக்கும். ஆனா சார்ஜத் தின்னும், சீக்கிரம் தேயும்."

"ரெண்டு குணமும் சேர்ந்தது இல்லியா?"

"இல்ல."

"இதுல வழுக்கவே வழுக்காதது எது?"

"அப்படி ஒரு டயர் உண்டு அண்ணாச்சி. நிக்குத வண்டியில கெடக்குத டயராக்கும்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் சிரித்தார். தாணுலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெளயாட்டு வேண்டாம். எனக்கு வழுக்கவே கூடாது."

ரோஸ்லெட் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? டயர் எதுக்கு வாங்குவாங்க?"

"நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு டயர்களையும் உள்ளே உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டயர் வாங்க வந்தவரை டயர் கொடுக்காமல் அனுப்புகிற கடையை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே நாகர்கோவிலுக்குத் திரும்பினார். வழியில் தோவாளை வந்தது. பூச்சந்தைக்கு எதிரே ஒரு சிறிய தெரு உண்டு. அதன் முனையில் வண்டியை நிறுத்தினார், ஒரு நிமிஷம் உள்ளே பார்த்தார், பிறகு கிளம்பிவிட்டார். ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் செய்கிற வேலை இதுதான். அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்தும் செய்தார்.

நாகர்கோவில் வடசேரியில் அவர் வீடு. பழைய பெட்ரோல் வண்டி இருந்த காலத்தில், அது தெருமுனை திரும்பும்போதே மனைவி பகவதி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள். மின்சார வண்டி வந்த பிறகு, "நீங்க வாரதே தெரியல்ல, பூனை மாதிரி வந்து நிக்கிதிய" என்று குறைப்பட்டுக்கொள்வாள். இப்போது வண்டிக்கும் சத்தம் இல்லை, வீட்டுக்கும் சத்தம் இல்லை. பூட்டைத் திறக்கிற ஓசைதான் அந்த வீட்டில் பெரிய ஓசை. அதைக் கேட்கவே அவருக்குப் பயமாக இருக்கும். சாவியை மெல்லத்தான் திருப்புவார்.

மறுநாள் டைரியோடு வந்தார்.

"ஆசானே, நேத்து கேட்டீங்கல்லா எதுக்குன்னு? சொல்லுதேன். என் வீட்டுக்காரிய பின்னால வச்சு ஓட்டணும். மார்கழியில சுசீந்திரம் தேர் பாத்துட்டு வரும்போ மழையில வண்டி வழுக்கிட்டு. அவளுக்கு மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. அன்னைக்குத் தோவாளைல அவ தங்கச்சி வீட்டுக்குப் போனவதான். இனி வழுக்காதுன்னு சத்தியம் பண்ணிச் சொல்லணும். சொன்னா வருவா."

"அப்போ கட்டி ரப்பரா போட்டிருந்தீங்க?"

அவர் தலை குனிந்தது.

"கம்பெனிக்காரன் போட்டது நல்ல டயர்தான். நானாக்கும் மாத்தினேன். ஒரு சார்ஜுக்கு பன்னிரண்டு கிலோமீட்டர் கூட ஓடும்னு."

ரோஸ்லெட் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கழற்றி, டயரைத் தனியாகப் பிரித்துத் தரையில் போட்டாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"இங்க வாங்க. தொட்டுப் பாருங்க."

அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து தொட்டார். டயரின் நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்து கிடந்தது. இரண்டு ஓரமும் புதுசாகவே இருந்தன. கடையிலிருந்து வரும்போது இருக்கிற ரப்பர் முடிகூட உதிரவில்லை.

"காத்து எம்புட்டு அடிப்பீங்க?"

"முப்பத்தாறு."

"அது டபுளுக்குள்ள காத்துல்லா? ரெண்டு பேரு இருந்தா அடிக்குதது."

"ஆமா."

"பின்னால யாரு இருக்கா?"

காற்று கடையின் தகரக் கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. தாணுலிங்கம் டயரைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் வாய் திறந்தார்.

"பங்க்ல காத்து அடிக்கவரு ஒவ்வொரு தடவையும் கேப்பாரு, சிங்கிளா, டபுளான்னு. டபுள்னு சொல்லிருவேன். அவரு வெறும் சீட்டப் பாப்பாரு. ஒண்ணும் கேக்காம அடிச்சு விட்டுருவாரு." டயரைத் தடவின கையை எடுத்துக்கொண்டார். "சிங்கிள்னு சொல்ல வாய் வரல்ல ஆசானே. நானும் ரெண்டு மூணு தடவ சொல்லிப் பாத்தேன்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏழு மாதத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை.

ரோஸ்லெட் டயரை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆள் இல்லாம இம்புட்டுக் காத்து அடிச்சா, டயர் நடுவுல உப்பிக்கிட்டு நிக்கும். நடு மட்டும் ரோட்டுல தொடும். ஓரம் தொடாது."

"அப்போ?"

"நல்லா வழுக்கும்."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். வழுக்கக் கூடாது என்று வந்தவர், ஏழு மாதமாக வழுக்குகிற வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு கேக்கேன் அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீங்க."

"கேளுங்க."

"வண்டி வழுக்கினது ஒரு நொடி. ஒரு நொடி வழுக்கினதுக்கு எந்தப் பொம்பளையும் ஏழு மாசம் வராம இருக்க மாட்டா. வழுக்கினதுக்குப் பெறவு என்ன நடந்துது?"

அன்றைக்கும் டீ குடிக்க வந்திருந்த லாரிக்காரர் கிளாஸை வைத்துவிட்டுத் தன் லாரிக்குப் போய்விட்டார். தாணுலிங்கம் டைரியை மடியில் வைத்து அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"விழுந்ததும் எழும்பினேன். வண்டி கெடந்துது. தூக்கி நிறுத்தினேன். மழையாக்கும், உள்ள தண்ணி போயிருக்குமோன்னு பயம். ஸ்விட்சப் போட்டேன். ஸ்கிரீன் எரிஞ்சுது. அறுபத்தொண்ணு சதவீதம் சார்ஜ், இன்னும் எழுபத்தாறு கிலோமீட்டர் போவும்னு காட்டிச்சு."

"ம்."

"நல்லவேள, ஒண்ணும் ஆவல்லன்னு சொன்னேன்."

"அவங்க?"

"அவ ரோட்டுல உக்காந்திருந்தா. தன்னச் சொல்லுதேன்னு நெனச்சு மொதல்ல, ஆமான்னு தலையாட்டினா." டைரியைத் திறந்து மூடினார். "பெறவு நான் எதப் பாத்துச் சொல்லுதேன்னு பாத்தா."

ரோஸ்லெட் எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பாதி குடித்தார், பாதி சட்டையில் கொட்டியது.

"ஆஸ்பத்திரிக்கு?"

"ஆட்டோல போனா. என் வண்டியில ஏற மாட்டேன்னுட்டா. ஆட்டோ பின்னாலயே நான் வண்டியில போனேன். நான் வண்டிய மழ படாத எடத்துல விட்டுட்டு உள்ள போறதுக்குள்ள, கட்டுப் போட உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் வெளியவே நின்னேன். தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போயிட்டா. இப்போ தெருமுனை வரைக்கும்தான் போறேன். உள்ள போவக் கால் வரல்ல."

எதிரே மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அடுத்ததைத் தொடாத தூரத்தில் நின்றது.

தாணுலிங்கம் செம்பைக் கீழே வைத்தார். டைரியைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"மெத்து ரப்பரையே போடுங்க ஆசானே. சார்ஜத் தின்னா தின்னட்டு."

அவள் போட்டாள். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்பி கொடுத்து நெம்பி, சக்கரத்தைத் திரும்ப மாட்டி, நட்டை இறுக்கினாள். காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து வால்வில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சிங்கிளா, டபுளா?"

"டபுள்" என்றது அவர் வாய், அவரைக் கேட்காமலே.

அவள் தலையாட்டிக்கொண்டு காற்று அடித்தாள். கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் இரைந்து நின்றது. அவர் புது டயரைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். ஆசான் செய்வது போலவே ஒரு சுற்றுத் தடவியும் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு மனசில் ஒரு தெம்பு வந்தது.

"இப்போ நேரா தோவாளைக்குப் போறேன். தெருமுனையில நிக்க மாட்டேன். வீட்டுக்குள்ளயே போறேன். இது நல்ல ரப்பர், மழையிலயும் பிடிக்கும், சார்ஜப் பத்திப் பாக்காம போட்டிருக்கேன்னு சொல்லுதேன். சரிதானே ஆசானே? வேற என்ன சொல்லட்டும்?"

ரோஸ்லெட் குழாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவங்களுக்கு எந்தக் கை ஒடிஞ்சுது?"

"கையா?"

"ஆமா. வலதா, எடதா?"

"அது..." என்று ஆரம்பித்தார் தாணுலிங்கம்.

மழை நினைவுக்கு வந்தது. ரோடு நினைவுக்கு வந்தது. அவள் தலையில் இருந்த பிச்சிப்பூ ரோட்டில் சிதறிக் கிடந்ததுகூட நினைவுக்கு வந்தது. அறுபத்தொன்று, எழுபத்தாறு என்ற எண்கள் ஸ்கிரீனில் பளிச்சென்று தெரிந்தன. அவள் ஒரு கையால் மற்றொரு கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தக் கையால் எந்தக் கையை?

அவர் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். பிறகு அதை இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கினார். அதையும் இறக்கிவிட்டார்.

வண்டியின் ஸ்கிரீனில் எண்பத்தெட்டு சதவீதம் என்று எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கிளம்பவும் தோன்றாமல், இறங்கவும் தோன்றாமல், ஹேண்டிலைப் பிடித்தபடியே இருந்தார்.

ஆசான் குழாயை ஆணியில் மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"சிங்கிள் காத்துதான் அடிச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றாள். "தோவாளை வரைக்கும் அது போதும்."