மிராசுதார் பாய்ச்சிய வாழை

கோடை வந்தால் கிணறு வற்றும். மிராசுதார் வைத்தியலிங்கத்தின் அதிகாரம் மட்டும் வற்றாது.

வேலைக்காரி செங்கமலத்தைக் கூப்பிட்டார். "இனிமேல் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ரெண்டே குடம். கொல்லை வாழைக்கு ஒரு சொட்டு இறைக்கக் கூடாது. ஆனால் ஒரு வாழை வாடினாலும் உனக்கு இங்கே வேலை இல்லை!"

சொல்லிவிட்டு, வழக்கம்போல் இருபது குடம் தண்ணீரில் குளிக்கப் போனார்.

மறுநாள் விடியும் முன்பே செங்கமலம் கொல்லைக்குப் போனாள். அவர் குளிக்கும் கல்லை உருட்டிக்கொண்டுபோய் வாழைகளுக்கு நடுவில் போட்டாள். "இங்கே நல்ல நிழலுங்க ஐயா" என்றாள். மிராசுதாருக்குப் பரம திருப்தி.

ஒரு மாதம் கழித்துச் சம்பந்தி வந்தார். ஊரே காய்ந்து கிடக்க, இந்தக் கொல்லையில் வாழை குலை தள்ளி நின்றது.

"எல்லாம் என் சிக்கனம்! வாழைக்கென்று ஒரு சொட்டு இறைப்பதில்லை" என்று மிராசுதார் மீசையை நீவினார்.

சம்பந்தி செங்கமலத்தைப் பார்த்தார். "பிறகு யாரம்மா தண்ணி பாய்ச்சுறது?"

"ஐயாதானுங்க. தினம் இருபது குடம். என்ன, தலைவழியாப் பாய்ச்சுறாங்க."

சம்பந்தி சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது.

மறுநாள் நாலாவது குடத்தோடு மிராசுதார் துண்டைக் கேட்டார். "வாழைக்கு இது போதுமா?" என்றார் மெதுவாக.

"மீதிக்குப் பாத்திரம் கழுவின தண்ணி இருக்குங்க ஐயா. நீங்க ஒருத்தரே எத்தனை நாளைக்குப் பாடுபடுவீங்க?"