துணைத் தலைவர் வெங்காயம்

ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லப்போவதில்லை. அந்த ஊர் மேலத்தெருவில் ஓர் இளைஞர் நற்பணி மன்றம் இருந்தது. அதில் இளைஞர் யாரும் இல்லை. நற்பணி என்று ஏதாவது நடந்ததாகவும் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் மன்றம் இருந்தது. ஓர் அறை, ஒரு கேரம் போர்டு, சாயம்போன ஒரு பச்சை நாற்காலி, அவ்வளவுதான்.

நாற்காலி தலைவர் விருத்தகிரிக்கு. மாசிலாமணி செயலாளர். அய்யாக்குட்டி பொருளாளர். சடகோபன் உறுப்பினர். மொத்த உறுப்பினர்களும் அந்த ஒருத்தர்தான். “அன்பார்ந்த உறுப்பினர்களே!” என்று தலைவர் பேச்சைத் தொடங்கும்போதெல்லாம், தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று சடகோபன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

வீட்டில் விருத்தகிரியைத் தலைவர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. “இந்தாங்க, குப்பை வண்டி வந்துருச்சு” என்பாள் மனைவி. மருமகள் அதைக்கூடச் சொல்லமாட்டாள், வாளியைக் கையில் கொடுத்துவிடுவாள். வாளியைக் காலி செய்துவிட்டு, மன்றத்துக்கு வந்து, பச்சை நாற்காலியில் உட்கார்ந்து, “தலைவரே, வணக்கம்” என்று மூன்று பேர் சொல்லக் கேட்டால்தான் மனுஷனுக்கு மூச்சே சீராகும். அந்த அறை மட்டும் இல்லையென்றால் அவர் வெறும் குப்பை வாளிக்காரர். அது அவருக்கும் தெரியும், பாவம்.

அறையின் சொந்தக்காரி செண்பகவல்லி. பின்கட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாவுக் கையோடு வந்து வாசலில் நின்றாள்.

“ஏம்ப்பா விருத்தகிரி, எனக்குப் புது கிரைண்டர் வருது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரூமைக் காலி பண்ணிரு.”

விருத்தகிரி நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “அக்கா, மன்றத்தையா? நாங்க எடுத்த காரியத்தை முடிக்காம விட்டதே இல்லையே!”

“எடுத்தாத்தானே முடிக்கிறதுக்கு!” என்றாள் அவள். பிறகு என்ன தோன்றியதோ, மூலையில் இருந்த டி.வி.யைக் காட்டினாள். சென்னைக்கு வேலைக்குப் போன அவள் மகன் முகிலன், இடமில்லாமல் அங்கே வைத்துவிட்டுப் போனது. பக்கத்தில் அவனுடைய கேம் பெட்டியும் இருந்தது. “இதுல ரெண்டு கேம் இருக்கு. ஒண்ணு கார்ட்டூன், ஒண்ணு பேய்ப்பொம்மை. சின்னப் பசங்க விளையாடுறது. ரெண்டையும் ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுக் காட்டுங்க, ரூம் உங்களுக்கு. இல்லைன்னா கிரைண்டருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அப்போதே கிரைண்டருக்கு இடம் அளந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

எப்படி விளையாடுவது என்று கேட்டதற்கு, முகிலன் போனில் குரலைப் பதிவு செய்து அனுப்பினான். நான்கு பேரும் எழுந்து நின்று கேட்டார்கள்.

“மாமா, முதல் கேம்ல ஒரு சின்ன வெங்காயம் ஓடும். நீங்கதான் குதிக்க வைக்கணும். முள்ளு, ரம்பம், அருவாமனை எல்லாம் குறுக்க வரும். ரொம்பக் கஷ்டமான கேம். செத்துச் செத்துப் பொழைக்கும், கண்டுக்காதீங்க. ரெண்டாவது கேமை இருட்டுல விளையாடணும். தனியா விளையாடணும். முக்கியமா, பொம்மை மேல இருந்து கண்ணை எடுத்துறாதீங்க. எடுத்தா கிட்ட வந்துரும்.”

டி.வி.யைப் போட்டதும் வெங்காயம் வந்தது. வெள்ளைக் கையுறை, சிவப்பு பூட்ஸ், உச்சியில் பச்சைத் தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தலைவர் பட்டனில் விரல் வைக்கப் போனார்.

“தலைவரே, ஒரு நிமிஷம்!” செயலாளர் குறுக்கே விழுந்தார். “மன்றத்துக்குள்ள உறுப்பினர் அல்லாதவர் ஆடக் கூடாது. விதி இருக்கு.”

“அப்ப உறுப்பினராச் சேர்த்துரு.”

“படிவத்துல தகப்பனார் பேரு கேக்குமே?”

“பெரிய வெங்காயம்னு வெச்சுக்கோ.”

ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் பட்டனை அழுத்தினார். வெங்காயம் ஓடியது. முதல் முள்ளிலேயே போய் விழுந்து இரண்டு துண்டானது.

நால்வரும் திரைக்கு முன் குனிந்து பார்த்தார்கள்.

“போயிட்டாரு” என்றார் அய்யாக்குட்டி.

“இப்பத்தானே சேர்ந்தாரு…” என்றார் தலைவர்.

“கண்டுக்காதீங்கன்னு முகிலன் சொன்னானே?” என்று சடகோபன் மெதுவாகக் கேட்டார்.

“உறுப்பினர் செத்துக் கிடக்காரு, கண்டுக்காம இருக்க நாம என்ன மிருகமாடா?”

அந்த மன்றத்தில் ஒழுங்காக நடந்துவந்த காரியம் ஒன்று உண்டு. உறுப்பினர் யார் இறந்தாலும் எல்லோரும் எழுந்து, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். அப்புறம் தலைவர் பேசுவார். ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆள் இருந்த மன்றம் இந்த வழியாகத்தான் நான்கு பேராகக் குறைந்தது. அதனால் நல்ல பழக்கம் இருந்தது. நால்வரும் கண்ணை மூடினார்கள்.

இவர்கள் கண்ணை மூடியிருந்த நேரத்தில் வெங்காயம் உயிர்பெற்று எழுந்து நின்றது. குதிக்க வைக்க ஆளில்லை. சுற்றி வந்த ரம்பம் அதை நடுவாக அறுத்துவிட்டுப் போனது. இவர்கள் கண்ணைத் திறந்தார்கள்.

“இன்னும் அப்படியேதான் கிடக்காரு” என்றார் தலைவர்.

செயலாளர் குனிந்து உற்றுப் பார்த்தார். “இல்லை தலைவரே. இது வேற சாவு. அப்ப நெடுக்க ரெண்டா இருந்தாரு, இப்ப குறுக்க ரெண்டா இருக்காரு.”

“அடப் பாவமே! மறுபடியும் எந்திரிங்கடா.”

மறுபடியும் மௌனம். மறுபடியும் ரம்பம். இப்படியே மதியச் சாப்பாடு போயிற்று, மாலைக் காப்பியும் போயிற்று. நடுவில் எட்டிப்பார்த்த செண்பகவல்லி, “நின்னுக்கிட்டே தூங்கவும் பழகிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். யாரும் பதில் சொல்லவில்லை. மௌனத்தில் பேசுவது மரியாதை இல்லையே.

இதற்குள் அய்யாக்குட்டி சும்மா இருக்காமல், தெருமுனையில் பிளெக்ஸ் கட்டிவிட்டார். கையுறை போட்ட வெங்காயத்தின் படம், மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே ‘ஆறாத் துயரில் மேலத்தெரு மன்றம்’. போகிற வருகிறவர்கள் நின்று படித்தார்கள். வெங்காயம் என்பது யாருடைய பட்டப்பெயர் என்று ஊர் முழுக்க ஒரே யோசனை. கீழத்தெருக்காரர்கள் எதற்கு வம்பு என்று மாலையோடு வந்து, டி.வி.க்குப் போட்டுவிட்டு, “நல்ல மனுஷன்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை காலையில் அவசரக் கூட்டம்.

“இப்படியே துக்கம் கொண்டாடிக்கிட்டிருந்தா எப்ப விளையாடுறது?” என்றார் செயலாளர். “ஒரு யோசனை. ஆட்டத்தையே நிறுத்திருவோம். இத்தனை தடவை உயிரைக் கொடுத்தவருக்கு மன்றம் என்ன செஞ்சுது? காலியா இருக்கிற துணைத் தலைவர் பதவியைக் கொடுப்போம்.”

சடகோபனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பதவிக்காக எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறவர் அவர். “நேத்துச் சேர்ந்தவருக்கா? அப்ப நான்?”

“நீ என்ன தியாகம் பண்ணுனே?”

“நான் உயிரோட இருக்கிறதுதான் தப்பா?” என்று கேட்டார் சடகோபன்.

“அதை அடுத்த கூட்டத்துல பேசலாம்” என்று தலைவர் முடித்துவைத்தார். வெங்காயம் துணைத் தலைவரானது.

“பதவிக்கு வந்தபிறகு குதிச்சுக் குதிச்சு ஓடுறது நல்லாவா இருக்கும்?” என்று செயலாளர் அடுத்த கேள்வியைப் போட்டார். “நம்மள்ல யாராவது பதவிக்கு வந்தபிறகு ஒரு துரும்பையாவது நகர்த்தியிருக்கோமா?”

இல்லை என்று எல்லோரும் மனசாட்சியோடு ஒப்புக்கொண்டார்கள். ஆகவே துணைத் தலைவர் இனி எந்த வேலையும் செய்யக் கூடாது என்றும், முதல் கேம் வெற்றிகரமாக முடிந்தது என்றும் தீர்மானம் போட்டார்கள்.

அடுத்தது பேய்ப்பொம்மை. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்தார்கள். திரையில் ஒரு நீளமான நடைக்கூடம், அதன் கடைசியில் ஆளுயர மரப்பொம்மை. அறுந்த கயிறுகள் கையிலும் காலிலும் தொங்கின. கண் மட்டும் இவர்களையே பார்த்தது. சடகோபன் செயலாளரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“இருட்டுல விளையாடணும்னு முகிலன் சொன்னான்” என்றார் அய்யாக்குட்டி. “டி.வி. வெளிச்சம் பளீர்னு அடிக்குதே, இது என்ன இருட்டு?”

“சரிதான்” என்று தலைவர் சொன்னதும், அய்யாக்குட்டி போய் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு வந்தார். டி.வி. அணைந்தது. மின்விசிறி நின்றது. நால்வரும் கும்மிருட்டில் உட்கார்ந்தார்கள்.

“தலைவரே, பொம்மை தெரியுதா?”

“தெரியலையேடா.”

“எனக்கும் தெரியலை. ஐயோ, எங்க போச்சு?”

“சத்தம் போடாதே. பின்னாடி நின்னாலும் நிக்கும்.”

எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. “முகிலன் சொன்னது நிசம்தான். ரொம்பப் பயங்கரமான கேம்” என்று செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அதற்குள் கதவு படாரென்று திறந்தது. அரிசி பாதி அரைபட்டபடி பின்கட்டில் பழைய கிரைண்டர் நின்றுபோன ஆத்திரத்தில் செண்பகவல்லி நின்றாள்.

“எவன்டா கரண்டை நிறுத்துனவன்?”

சடகோபன் மயங்கி விழுந்தார். பொம்மை கதவு வழியாக வந்துவிட்டது என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. தலையில் மாவு, கையில் கரண்டி, அவள் இருந்த கோலம் அப்படி.

கரண்டு வந்தது. பொம்மையும் வந்தது. அடுத்து, தனியாக விளையாட வேண்டும் என்பதைப் பற்றி விவாதம் நடந்தது.

“தலைவர் இருக்கட்டும், நாம வெளியே போயிரலாம்” என்றார் அய்யாக்குட்டி ஆசையாக.

தலைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். “எனக்குப் பயம் ஒண்ணும் இல்லை. ஆனா உங்களை விட்டுட்டு நான் மட்டும் தனியா இருந்தா அது சுயநலம். நாலு பேரும் சேர்ந்து தனியா இருப்போம்.”

“அது எப்படி?”

“நீ இல்லைன்னு நான் நினைச்சுக்கிறேன். நான் இல்லைன்னு நீ நினைச்சுக்கோ.”

அப்படியே செய்தார்கள். தலைவர் நாற்காலியில், மற்றவர்கள் சுற்றி நின்று, ஒருவரை ஒருவர் இல்லை என்று நினைத்துக்கொண்டு, பொம்மையை முறைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தால் நகராத பொம்மை அது. இவர்கள் கண்ணை எடுக்கவில்லை, அது காலை எடுக்கவில்லை. அழுத்த வேண்டிய பட்டன்கள் எல்லாம் அழுத்துவாரின்றித் தலைவர் மடியில் கிடந்தன.

“பார்த்தீங்களா, நம்ம பார்வையில ஆடிப்போய் நிக்குது!” என்று தலைவருக்கு ஒரே பெருமை. இத்தனை வருஷத்தில் அவர் பேச்சைக் கேட்டு ஒருவர் நின்ற இடத்திலேயே நின்றது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமையும் அதே பார்வைதான். புளியோதரையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அய்யாக்குட்டி உருட்டிய கவளம் சடகோபன் காதுக்குள் போனது. சடகோபன் அதை எடுத்துச் செயலாளர் வாயில் வைத்தார். நன்றாக இருக்கிறது என்றார் செயலாளர்.

சாயங்காலம் கிரைண்டர் வந்து வாசலில் இறங்கியது. செண்பகவல்லி உள்ளே வந்தாள். “முடிச்சாச்சா?”

“முதல் கேம் தீர்மானம் போட்டு முடிச்சாச்சு அக்கா. இது முடியப்போகுது, பொம்மை தளர்ந்துருச்சு” என்றார் தலைவர், திரும்பாமலே.

அவள் நேராக மூலைக்குப் போனாள். டி.வி. பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் கிரைண்டரைச் செருகினாள்.

திரை கறுப்பாகிவிட்டது. கறுப்புக்குள் நான்கு முகங்கள் தெரிந்தன.

“ஐயையோ! ஒண்ணு நாலாயிருச்சு!” என்று அலறினார் செயலாளர்.

“கிட்டயும் வந்துருச்சு! எவன்டா கண்ணை எடுத்தது?”

“சடகோபன்தான்” என்றார்கள் செயலாளரும் அய்யாக்குட்டியும், அவரைப் பார்க்காமலே.

தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். “நடுவுல ஒரு கிழட்டுப் பொம்மை நாற்காலியில உட்கார்ந்திருக்கு பாரு. அதுதான் அவங்க தலைவர் போல. மூஞ்சியில களையே இல்லையேடா! இதையெல்லாம் எப்படித் தலைவராக்குனாங்க?”

“ஓரத்துல ஒண்ணு பாவமா நிக்குது தலைவரே” என்றார் சடகோபன். “அதுக்கும் பதவி கொடுத்திருக்க மாட்டாங்க.”

“விஷயம் புரிஞ்சுபோச்சு. நம்ம ரூமைப் பிடிக்க எதிரணி வந்திருக்கு. நாம கண்ணை எடுக்கிற வரைக்கும் ரூம் நம்மளுதுதான். ஒருத்தனும் அசையக் கூடாது” என்றார் தலைவர்.

செண்பகவல்லியும் விட்டுவிட்டாள். மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும், மாவு வாங்க வருகிறவர்களுக்கு வேடிக்கையாவது ஆகும் என்று. இரவானால் வீட்டுக்காரிகள் வந்து ஆளுக்கு ஒருவராக இழுத்துக்கொண்டு போவார்கள். விடிந்ததும் ஓடிவந்து உட்கார்ந்துவிடுவார்கள். அறை அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று ஊரில் அவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் அவள் அடைக்காக அருவாமனையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சின்ன வெங்காயம் ஒன்றை உரித்து இரண்டாக நறுக்கினாள்.

“துணைத் தலைவர்!” என்று கதறினார் அய்யாக்குட்டி.

நால்வரும் எழுந்து நின்றார்கள். கண்ணை மூட முடியாது, எதிரணி இருக்கிறதே. திறந்த கண்ணோடு மௌனம். வெங்காய நெடியில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. திரைக்குள் பார்த்தால், எதிரணி நால்வரும் எழுந்து நின்று அழுகிறார்கள்.

“எதிரியா இருந்தாலும் துக்கத்துக்கு எந்திரிச்சு நிக்கத் தெரிஞ்சவங்கடா” என்று தலைவர் தழுதழுத்தார்.

அந்த நேரம் பார்த்துச் சடகோபன் மெதுவாகக் கேட்டார். “தலைவரே, துணைத் தலைவர் பதவி காலியாயிருச்சு. இப்பவாவது எனக்கு…”

செயலாளர் தலைவரின் தோளை இடித்தார். “அங்கேயும் ஓரத்துல நிக்கிற பொம்மை இப்பத்தான் அவங்க தலைவர்கிட்ட வாயைத் திறந்து என்னமோ கேட்டுச்சு. நான் பார்த்தேன்.”

விருத்தகிரி யோசித்தார். அவருக்கு வேறு அணியைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் கிடையாது. “அவசரப்படாதே சடகோபா. அவங்க தலைவர் முதல்ல பதில் சொல்லட்டும். அதைப் பார்த்துட்டு நாம முடிவு பண்ணுவோம்” என்று சொல்லிவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார்.

அந்தத் தலைவரும் இன்னும் வாயைத் திறக்கவில்லையாம்.