மேனேஜர் அறையில் கடல்காற்று

தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனி. அங்கே ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிற மரியபுஷ்பம், ஆளில்லாத அறைகளில் லைட்டையும் ஃபேனையும் அணைத்து அணைத்தே கரண்ட் பில்லை இறக்கிவிட்டாள். ஆட்குறைப்பில் போக இருந்த இரண்டு பேருக்கு அதனால் வேலை தப்பியது. முதலாளி எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

மேனேஜர் ஞானசிகாமணிக்கு வயிறு எரிந்தது. அடுத்தவருக்குப் பாராட்டு கிடைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவளைக் கூப்பிட்டார்.

"பெரிய சிக்கனக்காரியாமே நீ. நாளைக்கு மத்தியானம் முதலாளி என் ரூமுக்கு வர்றார். ஏசி போடாம ரூமைக் குளுகுளுன்னு வை. முடியலைன்னா வேலைக்கு வராதே."

"சரி சார். ரூம்ல சாமானை நகர்த்திக்கிடலாமா?"

"எதை வேணும்னாலும் நகர்த்து."

மறுநாள் முதலாளி வந்தபோது ஏசி ஓடவில்லை. அறை முழுக்கக் கடல்காற்று. மேசையில் இருந்த பேப்பரெல்லாம் பறந்தது.

"இங்கே ஜன்னல் இருக்கா? எனக்கே தெரியாதே," என்றார் முதலாளி.

மேனேஜர் சுவரைப் பார்த்துப் பதறினார். "என் அலமாரி எங்கே?"

"வராந்தாவுல இருக்கு சார்," என்ற மரியபுஷ்பம் முதலாளி பக்கம் திரும்பினாள். "ஆபீஸ் கட்டின நாள்ல இருந்தே ஜன்னல் இருக்கு மொதலாளி. மின்சாரத்தை மிச்சம் பிடிச்சதுக்கு சார் வருஷாவருஷம் ஷீல்டு வாங்குறாங்கல்லா, அதையெல்லாம் அடுக்குன அலமாரிதான் காத்தை மறிச்சுக்கிட்டு நின்னுச்சு."

முதலாளி ஏசியைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் மரியபுஷ்பம் சுவிட்சை எட்டுவதற்குள் மேனேஜர் ஓடிப்போய் அணைத்துவிடுகிறார். அவள் பேர் வாங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. கரண்ட் பில் இன்னும் இறங்கியிருக்கிறது.