சங்கமேஸ்வரன் காது

ஈரோட்டுச் சங்கீத சபைத் தலைவர் சங்கமேஸ்வரன் பெயரைக் கேட்டாலே கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் ஓடி ஒளிவார்கள். அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கொண்டுபோன இரண்டு பேரின் வேலைக்கு, முதலாளியிடம் போன் போட்டே உலை வைத்துவிட்டார். மூன்றாவதாக மாட்டிக்கொண்டவள் கடையில் வேலை பார்க்கும் பரிமளா. விலையைக் கேட்ட பிறகுதான் அவர் காது திறக்கும் என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கூடம் நிறையச் சபைக்காரர்கள். மேஜைமேல் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்: ஒன்று விலை கூடிய பெரிய பெட்டி, மற்றது பரிமளா தேர்ந்தெடுத்த சின்னது.

"பாட்டைப் போடு. என் காது உன்னோடதை ஒதுக்கிச்சுன்னா, நாளைக்கு நீ கடைக்கே போக வேண்டாம்" என்றார் சங்கமேஸ்வரன்.

பரிமளா மேஜைக்கு அடியில் குனிந்து, எழுந்து, பாட்டைப் போட்டாள்.

"இது பெரிசுங்க ஐயா." மறுபடி குனிந்து எழுந்தாள். "இது சின்னதுங்க."

"பெரிசு தேன்! சின்னது வெறும் தகர டப்பா!" என்றார். சபையே தலையாட்டியது. அவர் கை போனை எடுத்தது.

பரிமளா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு ஜோடி ஸ்பீக்கரின் ஒயர்களையும் தூக்கிக் காட்டினாள்.

"மன்னிக்கணுங்க ஐயா. இன்னும் எதையுமே மாட்டலீங்க. இவ்வளவு நேரம் பாடினது மானிட்டருக்குள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கருங்க."

போன் மெல்ல மேஜைக்கு இறங்கியது.

"அப்போ... எதுதான் நல்லது?"

பரிமளா முதல் ஒயரை மாட்டினாள்.

"இந்தத் தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க ஐயா."