ஆவுடை நட்ட எல்லைக்கல்

மேகத்தைப் பார்த்து வரி கேட்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஒரு ராஜா, ரொம்பக் காலத்துக்கு முன்னால், தெற்கே ஒரு வறண்ட சீமையை ஆண்டு வந்தார். பிள்ளைகளும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். இது அந்த ராஜாவின் கதை இல்லை. அவர் வெட்டச் சொன்ன குளத்துக்குக் கரை போட்ட ஆவுடையின் கதை.

குளத்து வேலையை முதலில் ஏற்றுக்கொண்டவர் அவளுடைய புருஷன். கரையில் முதல் கூடை மண் விழுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. ராஜாவுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் வீட்டில் மிச்சம் இருந்தது. அதை ஆவுடை எடுத்துக்கொண்டாள்.

கரைக்குக் கீழே பள்ளத்தில் ஒரு குடியிருப்பு இருந்தது. கரை நின்றால் அவர்களுக்கு நெல் உண்டு. கரை உடைந்தால் அவர்களே இல்லை. ஆவுடை சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கூரைகள்தான் கண்ணில் வந்து நிற்கும். பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாள்.

அவ்வளவு நீளக் கரையை ஒரு கூட்டத்தால் போட முடியாது. அதனால் மூன்று பங்காக்கி, ஆளும் மாடும் வைத்திருந்த மூன்று பேரிடம் கொடுத்தாள். மேற்குப் பங்கு கொம்பையாவுக்கு, நடுப் பங்கு சடையனுக்கு, கிழக்குப் பங்கு வீரணனுக்கு. மூவரும் அவள் புருஷனை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்கள். அதனால் மூவருக்கும் இவள் மதினி.

வேலை தொடங்கியதுமே சண்டையும் தொடங்கியது. என் குழியில் மண் எடுத்துவிட்டான் என்றான் ஒருவன். என் மாட்டை அவன் மாடு முட்டிவிட்டது என்றான் இன்னொருவன். மூன்றாமவன் நேரே மண்வெட்டியைத் தூக்கினான்.

ஆவுடைக்குச் சண்டை என்றாலே பயம். கோபித்துக்கொண்டு இவர்கள் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள்? பங்குக்கும் பங்குக்கும் நடுவில் ஒரு கல் நட்டாள். "இந்தக் கல்லைத் தாண்டி ஒருத்தர் காலும் போகக் கூடாது, ஒருத்தர் மாடும் போகக் கூடாது" என்றாள்.

சண்டை நின்றது. கொம்பையா "மதினி, மோர் குடிங்க" என்றான். சடையன் "மதினி, நிழல்ல உட்காருங்க" என்றான். வீரணன் மதினியின் பேரில் மண் சுமக்கும்போது பாட ஒரு பாட்டே கட்டிவிட்டான். ஆள் இல்லாத வீட்டுக்குத் திரும்புகிறவளுக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரிய துணை!

கரை வளர்ந்தது. மண்ணைக் கொட்டுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், மாடுகளை மேலே நடத்தி மிதிக்க விடுவார்கள். மிதிபட மிதிபட மண் இறுகும். இறுகிய மண்தான் கரை. மற்றதெல்லாம் வெறும் குவியல்.

ஐப்பசி நெருங்கியது. ஆவுடையால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கம்பை எடுத்துக்கொண்டு கரை நெடுகக் குத்திக்கொண்டே நடந்தாள்.

"என்ன மதினி, கரைக்குக் காது குத்துறீங்களா? தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றான் கொம்பையா. ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பு எங்கும் இறங்கவில்லை. கல் நட்ட இடத்துக்கு வந்தாள். முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. அடுத்த கல்லுக்கு ஓடினாள். அங்கேயும் இறங்கியது.

ஏன் தெரியுமா? மேற்கே இருந்து வந்த மாடு கல்லைக் கண்டதும் திரும்பியது. கிழக்கே இருந்து வந்த மாடும் கல்லைக் கண்டதும் திரும்பியது. நடுவில் கிடந்த மண்ணை ஒரு குளம்பும் மிதிக்கவில்லை. மேலே தட்டி வழித்து விட்டிருந்ததால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தது.

கொம்பையாவிடம் போனாள். "என் பங்குல ஒரு விரல் இறங்கட்டும், மீசையை எடுத்துடறேன்" என்றான்.

சடையனிடம் போனாள். "இந்தப் பக்கம்னா அவனைக் கேளுங்க, அந்தப் பக்கம்னா இவனைக் கேளுங்க. நான் நடுவுல நல்ல பிள்ளை" என்றான்.

வீரணனிடம் போனாள். அவன் கொஞ்சம் தயங்கினான். "கல்லை நட்டது நீங்க. தாண்டக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானே மதினி?"

அவள் மறுபடி கல்லடிக்கே திரும்பி நடந்தாள்.

அன்று சாயங்காலம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தானே அந்த மண்ணை மிதித்தாள். மூன்று கூட்டமும் மூன்று அடுப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கால் மரத்துப் போகும்வரை மிதித்துவிட்டுக் கம்பை ஊன்றினாள். கம்பு பழையபடி உள்ளே போனது. ஒரு பெண்பிள்ளையின் கால் மாட்டின் குளம்பாகுமா?

மறுநாள் காலையில் இரண்டு கற்களையும் பிடுங்கிக் குளத்துக்குள் உருட்டிவிட்டாள். மூவரையும் கூப்பிட்டாள்.

"இளகின மண்ணைத் தோண்டி எடுத்துட்டுப் புதுசாப் போடணும். இனிமே ஒருத்தர் மாடு அடுத்தவர் பங்குக்குள்ள ஒரு கயிறு தூரம் போய்த்தான் திரும்பணும். அந்த இடத்துக்கு ரெண்டு பேரும் ஜவாப்தாரி."

மூவருக்கும் முகம் சிவந்துவிட்டது. அவன் போட்ட மண்ணுக்கு நான் பொறுப்பா என்று கத்தினார்கள். கடைசியில் கொம்பையா சொன்னான்: "அண்ணாச்சி இருந்திருந்தா எங்களை இப்படிச் சந்தேகப்பட மாட்டாரு."

அது நெஞ்சிலே தைத்தது. ஆனாலும் சொன்னாள்: "அவர் இருந்திருந்தா கல்லே நட்டிருக்க மாட்டாரு. உங்களை இழந்துடுவேனோன்னு பயந்து நட்டவ நான். அதான் நானே பிடுங்கறேன்."

வேலை நடந்தது. மாடுகள் முட்டின, ஆட்கள் வைதார்கள், அவள் நடுவிலேயே நின்றாள். யாரும் மோர் தரவில்லை. யாரும் நிழலுக்குக் கூப்பிடவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் மதினி என்று கூப்பிடாமல் "நாச்சியார்" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழை ஊற்றியது. குளம் நிறைந்து அலை கரையில் மோதியது. ஆவுடை கரையடியில் குனிந்து குனிந்து பார்த்தாள். ஒரு இடத்திலும் கசிவு இல்லை. பள்ளத்துக் கூரைகளில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

ராஜா பார்க்க வந்தார். இது என் பங்கு என்று கொம்பையா காட்டினான். இது என் பங்கு என்று சடையன் காட்டினான். இது என் பங்கு என்று வீரணன் காட்டினான்.

"உன் பங்கு எதம்மா?" என்று ராஜா கேட்டார்.

ஆவுடை கரையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். "இப்போ காட்ட முடியாது மகாராஜா. பங்கும் பங்கும் சேர்ற இடம்தான் என்னுது, அது எங்கேன்னு எனக்கே தெரியலை" என்றாள்.

ராஜாவுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். மூன்று கூட்டமும் மூன்று திசையில் வேறு வேலை தேடிப் போயின. ஒருவரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆவுடை தனியாகக் கரைமேல் நின்றாள். காலுக்குக் கீழே மண் கல்லுப்போல இருந்தது.

வேலையை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம், ஆனால் பிரித்த இடத்தைச் சேர்க்கிற பொறுப்பு, நல்ல பெயர் போனாலும் சரி, பிரித்துக் கொடுத்தவருக்கே உரியது.